பிங் பிறந்த இரவு

கணினி வலையமைப்பு பற்றிப் படிக்கத் தொடங்கும் எவருக்கும் முதலில் அறிமுகமாகும் கட்டளை பிங். நெட் வரவில்லையா? கருப்புத் திரையைத் திறந்து பிங் என்று அடி, பக்கத்தில் ஒரு முகவரியைக் கொடு, பதில் வந்தால் எதிர்முனை உயிரோடு இருக்கிறது என்பார்கள். அதோடு பாடம் முடிந்துவிடும். அதை எழுதியவர் யார், எந்தச் சிக்கலில் மாட்டிக்கொண்டு எழுதினார் என்ற கதை கட்டளையை விடச் சுவையானது.

1983 ஜனவரி 1 அன்று அமெரிக்காவின் அர்ப்பாநெட், என்சிபி என்ற பழைய நெறிமுறையைக் கைவிட்டு டிசிபி/ஐபிக்கு மாறியது. இதில் ஐபி என்பது சாதாரணத் தபால் மாதிரி. பாக்கெட்டை வாங்கி அடுத்த ஊருக்குத் தள்ளிவிடும். போய்ச் சேர்ந்ததா, வழியில் தொலைந்ததா என்பது அதன் கவலை இல்லை. டிசிபி என்பது ஒப்புகை அட்டை வைத்த பதிவுத் தபால். அட்டை திரும்பி வராவிட்டால் அதே கடிதத்தை மறுபடி அனுப்பும். சரி, கடிதம் வழியில் எங்கோ சிக்கினால் அனுப்பியவருக்கு யார் சொல்வது? அதற்காகவே ஐசிஎம்பி என்றொரு துணை நெறிமுறை இருந்தது. ஜான் போஸ்டல் 1981 செப்டம்பரில் ஆர்எஃப்சி 792 என்ற ஆவணத்தில் அதை விவரித்திருந்தார். அதில் 'எதிரொலி' என்று ஒரு செய்தி உண்டு. ஒரு கணினி அதை அனுப்பினால், பெறும் கணினி அப்படியே திருப்பி அனுப்ப வேண்டும். அவ்வளவுதான்.

மேரிலாந்து மாநிலத்தில் அமெரிக்க ராணுவத்தின் பாலிஸ்டிக் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்தவர் மைக் மூஸ். 1983 டிசம்பரில் அங்கே நெட்வொர்க் விசித்திரமாக நடந்துகொண்டது. காரணம் பிடிபடவில்லை. அதே ஆண்டு ஜூலையில் நார்வேயில் நடந்த ஒரு கூட்டத்தில், எதிரொலிச் செய்தி போய்த் திரும்ப ஆகும் நேரத்தை வைத்துப் பாதையை அளக்கலாம் என்று டேவ் மில்ஸ் சொன்னது மூஸுக்கு நினைவுக்கு வந்தது. உட்கார்ந்து ஒரே இரவில், ஏறத்தாழ ஆயிரம் வரிகளில் நிரலை எழுதி முடித்தார். கல்லூரிக் காலத்தில் சோனார் பற்றி நிறைய வேலை செய்தவர் என்பதால், நீர்மூழ்கிக் கப்பலின் சோனார் எழுப்பும் ஒலியையே பெயராக வைத்தார். இருட்டுக் கிணற்றில் கல்லைப் போட்டுவிட்டுக் காது கொடுப்பது போன்ற வேலைதானே! பிங் என்பது ஏதோ நீண்ட தொடரின் சுருக்கம் என்று சொல்லிக்கொடுப்பவர்கள் உண்டு. அந்த விரிவு மில்ஸ் பிற்பாடு பொருத்தியது. மூஸ் வைத்தது வெறும் ஓசையைத்தான்.

வேடிக்கை என்னவென்றால், நிரல் தயாராவதற்குள் அந்தக் கோளாறு சரியாகிவிட்டது. எந்தச் சிக்கலுக்காகப் பிறந்ததோ அதற்கு பிங் பயன்படவே இல்லை! ஆனால் பெர்க்லி பல்கலைக்கழகத்தார் அதை வாங்கித் தங்கள் யுனிக்ஸில் சேர்த்துக்கொண்டார்கள். அங்கிருந்து விண்டோஸ் வரை பரவியது. இதுதான் தன் பெயர் சொல்லப்போகிறது என்று தெரிந்திருந்தால் இன்னும் ஓரிரு நாள் உழைத்துச் சில வசதிகளைக் கூட்டியிருப்பேன் என்று மூஸ் பின்னாளில் எழுதினார். 2000 நவம்பரில் ஒரு கார் விபத்தில் அவர் இறந்துபோனார்.

அவர் ரசித்துச் சொன்ன கதை ஒன்று உண்டு. ஒரு நிர்வாகியின் அலுவலகத்தில் ஈதர்நெட் இணைப்பு விட்டுவிட்டு அறுந்தது. அவர் பிங்கைப் பேசும் நிரல் ஒன்றோடு இணைத்து, ஸ்டீரியோவில் சத்தமாக வைத்தார். நொடிக்கொரு முறை 'பிங், பிங்' என்று கணினி கத்த, மனிதர் கட்டடம் முழுக்க நடந்து ஒவ்வொரு இணைப்பியாக அசைத்துப் பார்த்தார். எங்கே அசைத்தபோது சத்தம் நின்றதோ, அங்கேதான் கோளாறு.

கட்டடத்துக்குள் அது நடக்கும். ஊர் தாண்டினால்? 1986 அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கும் இடையே, வெறும் 400 கெஜ தூரத்தில், வேகம் நொடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டாக விழுந்தது. எந்தக் கம்பியும் அறுந்ததால் அல்ல. நெரிசலில் ஒப்புகை தாமதமாக, ஒவ்வொரு கணினியும் கடிதம் தொலைந்தது என்று எண்ணி மறுபடி மறுபடி அனுப்பியது. நெரிசல் மேலும் கூடியது. ஒழுங்காக விதிப்படி நடந்தே நெட்வொர்க்கை முடக்கின. லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தின் வான் ஜேக்கப்சன், மைக்கேல் கேரல்ஸுடன் சேர்ந்து மருந்து கண்டுபிடித்தார். முதலில் கொஞ்சமாக அனுப்பு, ஒப்புகை வர வர அளவைக் கூட்டு, பாக்கெட் தொலைந்தால் அதை நெரிசலின் அடையாளமாக எடுத்துக்கொண்டு உடனே குறை. 1988இல் வெளியான அந்தக் கட்டுரையின் அடிப்படையை டிசிபி இன்றும் விடவில்லை.

அதே ஜேக்கப்சன்தான் ட்ரேஸ்ரூட்டையும் எழுதினார். யோசனை ஸ்டீவ் டீரிங் கொடுத்தது. ஒரு வழித்தடக் கோளாறைத் தேடி 48 மணி நேரம் தூங்காமல் இருந்தபோது வந்து விழுந்த நிரல் இது, இதைப் பார்த்து நிரல் எழுதப் பழகாதீர்கள் என்று மூலநிரலிலேயே எழுதி வைத்திருக்கிறார்!

ஆனால் உத்தி அருமையானது. பாக்கெட்டுகள் முடிவில்லாமல் சுற்றித் திரியக்கூடாது என்பதற்காக ஒவ்வொன்றிலும் ஓர் ஆயுள் எண் இருக்கும். ஒவ்வொரு ரவுட்டரும் அதில் ஒன்றைக் குறைக்கும். பூஜ்யமானால் பாக்கெட்டைத் தூக்கி எறிந்துவிட்டு, 'ஆயுள் முடிந்தது' என்று அனுப்பியவருக்கு ஐசிஎம்பி வழியே சொல்லும். ட்ரேஸ்ரூட் வேண்டுமென்றே ஆயுள் 1 கொடுத்து அனுப்புகிறது. முதல் ரவுட்டர் கொன்றுவிட்டுத் தன் முகவரியோடு துக்கச் செய்தி அனுப்பும். அடுத்து 2, பிறகு 3. சாகும் பாக்கெட்டுகளை வைத்தே வழி முழுவதும் தெரிந்துவிடுகிறது.

விண்டோஸில் இதன் பெயர் ட்ரேசர்ட். அடித்துப் பார்க்கும்போது நடுவில் ஒரு வரியில் நட்சத்திரக் குறிகள் மட்டும் வரலாம். 1990களில் பிங்கையே ஆயுதமாக்கிக் கணினிகளை முடக்கியவர்கள் கிளம்பிய பிறகு, பல நிர்வாகிகள் எதிரொலிக்குப் பதில் தருவதை நிறுத்திவிட்டார்கள். ஆயுள் முடிந்ததைச் சொல்லாத ரவுட்டர்களும் உண்டு. ஆகவே மௌனம் என்றால் மரணம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நட்சத்திர வரிக்குக் கீழே அடுத்த முகவரி வந்திருக்கிறதா என்று பாருங்கள். வந்திருந்தால் பாக்கெட் அந்த ஊமை ரவுட்டரைத் தாண்டிப் போய்விட்டது.