உள்ளே இருப்பவருக்கு வெளியே என்ன வேலை?



எல்லா மனிதருக்குள்ளும் இறைவன் இருக்கிறான் என்ற எண்ணம் நமக்குப் பயன்பட்டது வழிபாட்டிலா, வாழ்க்கையிலா? இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணி அம்மா ரொம்ப அழகாகச் சொன்னார்கள். கண்ணை மூடு, மனசை அடக்கு, உள்ளே இருப்பவன் தெரிவான் என்றார்கள். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். ஆனால் ஒரு சந்தேகம், ஐயா. கண்ணை மூடினால் எனக்குள் இருப்பவர் தெரிவார், சரி. பக்கத்து வீட்டுக்காரருக்குள் இருப்பவர் எப்படித் தெரிவார்? அவரைப் பார்க்கக் கண்ணைத் திறக்கணுமே! (கைதட்டல்)

கடவுள் என்ற சொல்லுக்கே, எல்லாவற்றையும் கடந்தும் இருப்பவர், உள்ளேயும் இருப்பவர் என்று மேடையிலே பொருள் சொல்லுவோம். இலக்கண ஆசிரியர்கள் சண்டைக்கு வரலாம், வரட்டும். கடந்து இருப்பவரை நான் எதிரணிக்கு விட்டுவிடுகிறேன். உள்ளே இருப்பவரைப் பற்றி இந்த ஊர்க்காரர்கள் நடத்திய ஒரு பெரிய வழக்கு இருக்கிறது. அதை மட்டும் சொல்லுகிறேன்.

வழக்கு ஆரம்பித்தது தாம்பரத்தில் இல்லை. பாரிமுனைப் பக்கம், உயர் நீதிமன்றத்துக்கு எதிரே. அங்கேதான் அப்போது சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி இருந்தது. 1904 வாக்கில் திருத்தணியிலே பிறந்த ஒரு பையன், வேலூரில் படித்துவிட்டு அங்கே வந்து சேருகிறான். ஏழைப் பையன். எந்தப் பாடம் எடுப்பது என்று தெரியவில்லை. உறவுக்கார அண்ணன் ஒருத்தர் படிப்பு முடித்துவிட்டுத் தன் பழைய புத்தகங்களைக் கொடுத்தார். அவை தத்துவப் புத்தகங்கள். புத்தகம் சும்மா கிடைத்ததே என்று தத்துவம் எடுத்தான். (சிரிப்பு) அந்தப் பையன்தான் பிற்காலத்தில் குடியரசுத் தலைவரான டாக்டர் ராதாகிருஷ்ணன். அண்ணன் கணக்குப் புத்தகம் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்!

அந்தக் கல்லூரியில் தத்துவப் பேராசிரியர் ஆல்பிரட் ஜார்ஜ் ஹாக் என்ற ஸ்காட்லாந்துக்காரர். அந்த நாளில் மிஷனரிகள் ஒரு கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 'நீயும் கடவுள், நானும் கடவுள், எல்லாம் ஒன்று என்கிறீர்களே, அப்படியானால் யார் யாருக்கு நன்மை செய்வது? யார் யாருக்குத் தீமை செய்வது? பசித்தவனும் பிரம்மம், பார்த்துக்கொண்டு போகிறவனும் பிரம்மம் என்றால் அவனுக்குச் சோறு போட வேண்டிய கட்டாயம் எங்கிருந்து வரும்? உங்கள் வேதாந்தத்தில் ஒழுக்கத்துக்கு இடமே இல்லையே!'

இந்தக் கேள்வியைக் கேட்டதும் நமக்குக் கோபம் வரும். அந்தப் பையனுக்கும் உறைத்தது. ஆனால் அவன் மேசையைத் தட்டவில்லை, கல்லெறியவில்லை. எம்.ஏ. பட்டத்துக்கு ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினான். வேதாந்தத்திலே ஒழுக்கத்துக்கு இடம் உண்டு என்று வாதாடினான். 1908ல் அது புத்தகமாகவே வந்தது. அப்போது அவருக்கு வயது இருபதுதான். வாத்தியாருக்குக் கோபம் வருமோ என்று பயந்திருக்கிறார். ஹாக் என்ன செய்தார் தெரியுமா? பாராட்டினார். தன் தரப்பை எதிர்த்து எழுதிய மாணவனைப் பாராட்டுவதற்கு ஒரு மனசு வேண்டும், நடுவர் அவர்களே. இது மதிப்பெண் போடும்போது உங்களுக்கும் ஞாபகம் இருக்கட்டும். (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

அதே வருஷங்களில், அதே கட்டிடத்தில், வேறொரு வகுப்பறையில் ஒருவர் தமிழ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். நாகப்பட்டினத்துக்காரர், பெயர் வேதாசலம். பரிதிமாற் கலைஞர் தலைமையில் 1898ல் வேலைக்குச் சேர்ந்தவர். அவர்தான் நம்ம மறைமலையடிகள். 'நம்ம' என்று ஏன் சொல்லுகிறேன்? பல்லாவரத்துக்காரராகவே ஆகிவிட்டார் அல்லவா!

மறைமலையடிகளுக்கும் ஒரு பட்டிமன்றம் இருந்தது. 1903ல். தொலைக்காட்சி கிடையாது, ஆனால் கூட்டம் நம் கூட்டத்துக்குக் குறைந்தது இல்லை. வள்ளலார் பாடியது அருட்பாவா, இல்லை அருட்பா என்று சொல்லக்கூடாதா என்று வாதம். அருட்பாவே என்று நின்றவர் மறைமலையடிகள். எதிரே நின்றவர் யாழ்ப்பாணத்து நா. கதிரைவேற்பிள்ளை. இந்தச் சண்டை மேடையோடு நிற்காமல் நீதிமன்றத்துக்கே போனது. கதிரைவேற்பிள்ளைக்காகச் சாட்சி சொல்லப் போய், அவருடைய மாணவர் ஒருவர் மெட்ரிகுலேஷன் பரீட்சையையே கோட்டைவிட்டார். அந்த மாணவர் யார்? திரு.வி.க.! பரீட்சை போனது போனதுதான். ஆனால் பிற்காலத்தில் அதே திரு.வி.க. வள்ளலாரின் உள்ளத்தை வியந்து தனி நூலே எழுதினார். பட்டிமன்றத்தில் தோற்ற கட்சிக்கு ஆறுதல் சொல்ல இதைவிட நல்ல கதை எனக்குத் தெரியாது.

சரி, வள்ளலாருக்கு வருவோம். மிஷனரிகள் கேட்ட கேள்விக்கு அவர்கள் கேட்பதற்கு முன்னாலேயே பதில் எழுதி வைத்தவர் அவர். ஏட்டிலே இல்லை, அடுப்பிலே! எதிரணி அம்மா வடலூர் ஞான சபையைச் சொன்னார்கள். ஏழு திரை விலகினால் உள்ளே ஜோதி, அதுதான் மனிதனுக்குள் இருக்கும் இறைவன் என்றார்கள். ரொம்ப சரி. ஆனால் வருஷத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டார்களே! ஞான சபையில் ஜோதி காட்டியது 1872 தைப்பூசத்தில். சத்திய தருமச்சாலையில் பசித்தவருக்குச் சோறு போட அடுப்பு மூட்டியது 1867 மே மாதத்தில். எது முதலில்? அடுப்பு முதலில். ஜோதி ஐந்து வருஷம் கழித்து. (நீண்ட கைதட்டல்) அந்த அடுப்பு இன்றைக்கும் அணையவில்லை. உள்ளே இருப்பவரைத் தரிசிக்க வருகிறவன் முதலில் அவருக்குச் சோறு போட்டுவிட்டு வரட்டும் என்று வள்ளலார் நினைத்தார் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். எதிரணி வேறு மாதிரி எடுத்துக்கொள்ளலாம், ஆனால் தேதியை மாற்ற முடியாது.

பல்கலைக்கழகத்திலே தமிழ் இனிமேல் கட்டாயப் பாடம் இல்லை என்று ஆனதும் மறைமலையடிகள் கல்லூரியை விட்டு வெளியே வந்தார். 1911ல் துறவு பூண்டு பல்லாவரத்துக்குக் குடிவந்தார். வந்த இடத்தில் வள்ளலார் வைத்த பெயரையே எடுத்து சமரச சன்மார்க்க நிலையம் என்று தொடங்கினார். பிறகு அது பொதுநிலைக் கழகம் ஆனது. தனித்தமிழ் என்றால் மறைமலையடிகள் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். இன்னொன்று தெரியாது. 1931ல் அந்தக் கழகத்தின் விழாவில், கோயில்களில் எல்லாக் குலத்தாரையும் வேற்றுமை இல்லாமல் நடத்த வேண்டும், தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்டவர்களை உள்ளே விட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். 1931! இந்த ஊருக்கு மின்சார ரயில் வந்த வருஷம். உடம்பே கோயில், உள்ளே இருப்பவன் இறைவன் என்று திருமூலர் காலத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்தோம். ஆனால் அந்த நடமாடும் கோயில்களில் பாதியைக் கல்லால் கட்டிய கோயிலின் வாசலிலேயே நிறுத்திவைத்தோம். மதுரை மீனாட்சி கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் அவர்களை அழைத்துக்கொண்டு போனது 1939 ஜூலையில். எதிரணி நண்பர்களே, கண்ணை மூடியே இருந்ததால்தானே வாசலில் நின்றவன் இத்தனை நாள் தெரியாமல் போனான்?

இப்போது பல்லாவரத்தில் ரயில் ஏறுங்கள். குரோம்பேட்டை, சானடோரியம், அடுத்தது தாம்பரம். கிறிஸ்தவக் கல்லூரி 1937ல் பாரிமுனையை விட்டு சேலையூர்க் காட்டுக்குள், சுமார் 365 ஏக்கருக்குக் குடிவந்தது. பழைய கேள்வியும் பெட்டி படுக்கையோடு கூடவே வந்தது.

1938 டிசம்பரில் உலக மிஷனரி மாநாடு நடந்தது. முதலில் சீனாவிலே நடப்பதாக இருந்தது. ஜப்பான் படையெடுத்ததால் இடம் மாறித் தாம்பரத்துக்கு வந்தது. பாருங்கள், அப்படி வந்த மாநாட்டிலே சீனாக்காரரும் உட்கார்ந்திருக்கிறார், ஜப்பான்காரரும் உட்கார்ந்திருக்கிறார். 471 பேர், 69 நாடுகளிலிருந்து. பிற்காலத்தில் நோபல் அமைதிப் பரிசு வாங்கிய இரண்டு பேர் அந்த மரநிழலில் நடந்திருக்கிறார்கள். ஒருவர் தலைமை தாங்கிய ஜான் மாட். இன்னொருவர் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த ஆல்பர்ட் லுத்துலி. சொந்த நாட்டிலே வெள்ளைக்காரனுக்குச் சமமாக உட்கார முடியாத மனிதர். யாழ்ப்பாணத்திலிருந்து டி.டி. நைல்ஸ் என்ற முப்பது வயதுத் தமிழரும் வந்திருந்தார்.

விவாதம் எதைப் பற்றி? பிற மதத்தாருக்குள்ளும் கடவுள் ஏற்கனவே இருந்து வேலை செய்கிறாரா, இல்லையா? ஹெண்ட்ரிக் கிரேமர் என்ற டச்சு அறிஞர் மாநாட்டுக்காகவே ஒரு பெரிய புத்தகம் எழுதிக்கொண்டு வந்தார். ராதாகிருஷ்ணன் பிறந்த அதே 1888ல் பிறந்தவர். கடவுளின் வெளிப்பாடு கிறிஸ்துவில் மட்டுமே, மனிதன் தேடிக் கட்டிய மதங்கள் அதோடு தொடர்ச்சி உடையவை அல்ல என்பது அவர் கட்சி. அவருக்குப் பதில் எழுதியது யார்? நம்ம ஹாக்! வந்து முப்பத்தைந்து வருஷம் ஆகிவிட்டது. கல்லூரி முதல்வராகவே இருந்து ஓய்வு பெறும் நேரம். இந்த நாட்டு மக்கள் கடவுளைத் தேடிக்கொண்டு மட்டும் இல்லை, கண்டும் இருக்கிறார்கள், அந்த நம்பிக்கைக்குள் கடவுள் இருக்கிறார் என்ற பொருள்பட எழுதினார். முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு மாணவன் எழுதிக் கொடுத்த பரீட்சைத் தாளுக்கு வாத்தியார் கொடுத்த கடைசி மதிப்பெண் என்று எனக்குத் தோன்றுகிறது. இது என் கற்பனைதான், ஆனால் நல்ல கற்பனை இல்லையா? (கைதட்டல்)

இந்த இடத்தில் கிரேமரைக் கேலி செய்துவிட்டு நான் கைதட்டல் வாங்கலாம். செய்ய மாட்டேன். அவர் பயத்துக்குக் காரணம் இருந்தது. ஜெர்மனியில் அப்போது ஒரு கூட்டம், கடவுள் எங்கள் ரத்தத்திலே இருக்கிறார், எங்கள் இனத்திலே இருக்கிறார் என்று கிளம்பியிருந்தது. தாம்பரம் மாநாட்டுக்கு ஒரு மாதத்துக்கு முன்னால்தான், 1938 நவம்பரில், அங்கே யூதர்களின் வழிபாட்டு இடங்களைக் கொளுத்தினார்கள். உள்ளே கடவுள் என்பதை எனக்குள் மட்டும் கடவுள் என்று மாற்ற ஒரே ஒரு சொல் போதும், ஐயா. கிரேமர் பயந்தது அந்தச் சொல்லுக்கும்தான். அவர் கண்ட வியாதி சரி. மருந்துதான் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

மாநாட்டிலே முடிவு ஏற்படவில்லை. ஐம்பது வருஷம் கழித்து, 1988ல், அதே தாம்பரத்தில் மறுபடியும் கூடி அதே விஷயத்தைப் பேசினார்கள். அப்போதும் முடியவில்லை. (சிரிப்பு)

நடுவர் மணியைப் பார்க்கிறார். தாம்பரத்திலிருந்து ஒரே ஒரு ஸ்டேஷன் பின்னால் வந்து முடித்துவிடுகிறேன். சானடோரியம். தினமும் அந்தப் பெயரைக் கேட்கிறோம், யார் வைத்த ஆஸ்பத்திரி என்று கேட்டோமா? சௌரிமுத்து என்ற டாக்டர். இங்கிலாந்திலே காசநோய் வைத்தியத்தில் பேர் வாங்கியவர். காசநோய் என்றால் சொந்தக்காரனே தட்டைத் தனியாக வைத்த காலம். 1928ல் இங்கே இடம் வாங்கிப் படுக்கை போட்டார். 1937ல் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. கல்லூரி தாம்பரத்துக்கு வந்த அதே வருஷம்.

தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் யாருக்குள் கடவுள் இருக்கிறார் என்று மாநாடு. இந்தப் பக்கம், யாரும் தொடாத மனிதனுக்கு ஒருவர் நாடி பிடித்துப் பார்க்கிறார். 1993ல் அந்த ஆஸ்பத்திரிக்குள் முதல் எய்ட்ஸ் நோயாளிகள் வந்தார்கள். பேரைக் கேட்டாலே ஊர் ஒதுக்கிய நேரம் அது. பெற்றவர்களே வாசலில் விட்டுவிட்டுப் போன நேரம். அங்கே படுக்கை கிடைத்தது. நாட்டிலேயே பெரிய எய்ட்ஸ் சிகிச்சை இடங்களில் ஒன்றாக அது வளர்ந்தது. 2004 ஏப்ரலில் அரசாங்கம் இலவசமாக மருந்து கொடுக்க ஆரம்பித்தபோது, முதலில் தொடங்கிய இடங்களில் சானடோரியமும் ஒன்று. அந்த வார்டிலே வேலை செய்த நர்ஸ் அம்மாக்களிடம் போய், நோயாளிக்குள் யார் இருக்கிறார் என்று யாராவது கேட்டிருந்தால், முதலில் அந்தப் பாட்டிலை இப்படி எடுங்கள் என்றுதான் சொல்லியிருப்பார்கள். (மணி ஒலிக்கிறது) மணி அடித்துவிட்டார்கள், நடுவர் அவர்களே.