பேரிங் வண்டியின் தம்பி



வீரபாண்டிப் பக்கம் வளர்ந்தவர்களுக்குப் பேரிங் வண்டி தெரியும். பட்டறையில் கழித்துப் போட்ட பேரிங்குகள், ஒரு பலகை, அவ்வளவுதான். இன்று நம் பிள்ளைகள் கேட்கும் லாங்போர்டும் இப்படிப் பிறந்ததுதான்.

1950களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், கடலில் அலை இல்லாத நாட்களில் இளைஞர்கள் பலகையில் ரோலர் ஸ்கேட் சக்கரங்களைப் பொருத்தித் தெருவில் சறுக்கினார்கள். இரும்புச் சக்கரமும், பின்னர் வந்த களிமண் கலவைச் சக்கரமும் சிறு கல் பட்டாலே நின்றுவிடும்; ஓட்டுபவர் விழுவார். விபத்துகள் பெருகவே, 1965 வாக்கில் அங்கே பல நகரங்கள் தடை போட்டன.

1970களின் தொடக்கத்தில் ஃபிராங்க் நாஸ்வொர்த்தி பாலியூரித்தேன் சக்கரத்தைக் கொண்டுவந்தார். அது தரையைப் பிடித்து ஓடியது; விளையாட்டு மீண்டும் உயிர் பெற்றது. குறை பிள்ளைகளிடம் மட்டும் இல்லை, சக்கரத்திலும் இருந்தது.

பலகையை வீட்டிலேயே செய்யலாம். மெல்லிய பிளைவுட் தகடுகளைப் பசை தடவி அடுக்கி, வளைவாக அழுத்திக் காயவைத்து, வடிவமாக அறுத்துத் தேய்க்க வேண்டும். சக்கரத்தையும் அச்சையும் மட்டும் தரமானதாகக் கடையில் வாங்குங்கள். அதில் சிக்கனம் வேண்டாம்.

நம் வளாகத்தில் தடை பற்றிப் பேச்சு வந்தால், இந்த வரலாற்றையும் நினைத்துப் பாருங்கள். கார்கள் வராத சமதளத்தில், தலைக்கவசத்தோடு, மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கலாமே?