பறையும் மானமும்

செம்பட்டி நாற்சந்தியில் நின்றால் திண்டுக்கல்லுக்கும் வத்தலக்குண்டுக்கும் ஒட்டன்சத்திரத்திற்கும் வழி பிரிவதைக் காணலாம். இவ்வழிகளிலுள்ள சிற்றூர்களில் பறையோசை எழுந்தால், ‘யார் வீட்டில் சாவு?’ என்று கேட்பதே நெடுங்கால வழக்கம். ஓர் இசைக்கருவி சாவின் அடையாளமாகச் சுருங்கிய வரலாறு அக்கேள்வியில் அடங்கியிருக்கிறது.

பண்டு நிலைமை இவ்வாறு இருந்ததில்லை. ஐந்திணைகளின் கருப்பொருள்களைக் கூறும் தொல்காப்பியம், தெய்வம், உணவு, மரம், புள் ஆகியவற்றோடு பறையையும் சேர்த்தே எண்ணுகிறது. புறநானூற்றின் 335ஆம் பாடல் பறை முழக்குவோரைச் சிறந்த நான்கு குடிகளுள் வைத்துப் போற்றுகிறது. பிற்காலச் சாதிக் கொடுமையோ கருவியையும் கலைஞனையும் ஒருங்கே இழிவுபடுத்தியது. இழவு வீட்டில் பறையடிப்பது ஊழியமாகச் சுமத்தப்பட்டது. எனவே, ‘பறையைத் தூக்கி எறிந்தாலன்றி இழிவு நீங்காது’ என்று ஒடுக்கப்பட்டோரில் ஒரு சாரார் கருதினர். அதில் நியாயமில்லை என்று நாம் சொல்வதற்கில்லை.

திண்டுக்கல்லில் வேறொரு வழி பிறந்தது. 1990ஆம் ஆண்டு அருட்சகோதரி சந்திரா ‘சக்தி’ நாட்டுப்புறக் கலை மையத்தைத் தொடங்கினார். ஆடவரே முழக்கி வந்த பறையை, படிப்பைப் பாதியில் விட்ட ஒடுக்கப்பட்ட குடும்பத்து இளம்பெண்களின் கையில் அவர் கொடுத்தார். அனலில் காய்ச்சித் தோலை இறுக்கவும், இரு குச்சிகளால் அடவுக்கேற்ப முழக்கவும் அவர்கள் கற்றனர். இழிவெனப்பட்டதை மறைக்காமல் மேடையேற்றி, தலைநிமிர்ந்து முழக்கினர். அமெரிக்க இசை ஆய்வாளர் ஸோயி ஷெரினியன் இம்மையத்தைப் பற்றி ஆவணப்படமே எடுத்தார். 2025ஆம் ஆண்டு மதுரை மாவட்டத்துப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டதையும் இங்கே நினைவுகூரலாம்.

இவ்வரலாறு நமக்கு அயலானதன்று. ஒரு பக்கம் தோல் போர்த்திய சட்டப்பறையின் உடன்பிறப்புத்தான் நம்முடைய தஃப். திருமணத்தை தஃப் முழக்கி அறிவிக்கலாம் என்பதற்கு ஹதீஸ்களில் சான்றுண்டு. ரமளான் இரவுகளில் தாயிரா கொட்டிப் பாடி நம்மை ஸஹருக்கு எழுப்பிய பக்கீர்மார்களை நம் முதியோர் நன்கறிவர்.

ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு மக்கா வெற்றியின்போது, கஅபாவின் மேலேறி பாங்கு சொல்லுமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் பணித்தது யாரை? ஒரு காலத்தில் அடிமையாயிருந்த ஹஸரத் பிலால் (ரலி) அவர்களையன்றோ! அக்குரலைக் கேட்டுக் குறைஷிப் பிரமுகர் சிலர் முகம் சுளித்தனர். குரலை உயர்த்துவதற்கு முன் குரலுக்குரியவரை உயர்த்த வேண்டும் என்பதே அன்று உலகம் பெற்ற பாடம். திண்டுக்கல் மையம் நினைவூட்டுவதும் இதனையே. கலைஞனுக்கு மானம் திரும்பாமல் கலைக்கு மறுமலர்ச்சி இல்லை.

ஒரே சஹனில் கைநனைத்து உண்ணும் சமுதாயம் நாம். நம் வீட்டு மணவிழாவில் கொட்டு முழக்குவோரை எங்கே அமர்த்தி உணவளிக்கிறோம்? தாயிரா ஏந்தி வரும் பக்கீரை வாசற்படியிலேயே நிறுத்திக் காசு கொடுத்தனுப்பினோமா, உள்ளே அழைத்து உட்கார வைத்தோமா? கலையைப் போற்றுகிறோம் என்று சொல்லும் நாம் ஒவ்வொருவரும் இக்கேள்விக்கு முதலில் விடை காண்போமாக.