மண்ணின் படம் யாருக்காக?

தோட்டமும் வெளியும் சேர்ந்தமைந்த பெயர் தோட்டவெளி. மன்னார்த் தீவிலுள்ள இவ்வூரில், 1544ஆம் ஆண்டில் தம் சமயத்தின் பொருட்டு உயிரிழந்த கத்தோலிக்க மக்களை நினைவுகூரும் ஆலயம் நிற்கிறது. ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன் மாண்டோரை மறவாத மண் இது. இத்தீவின் மண்மீது இன்று புதியதோர் அக்கறை பிறந்திருக்கிறது. அவ்வக்கறை மாண்டோர்மீதும் அன்று, வாழ்வோர்மீதும் அன்று. மணலோடு கலந்து கிடக்கும் இல்மனைற், ரூட்டைல், சேர்க்கன் முதலிய கனிமங்கள்மீது.

டைட்டானியம் சாண்ட்ஸ் என்னும் அவுஸ்திரேலிய நிறுவனத்தின் ஆய்வுக்காகக் கடந்த பத்தாண்டுகளில் தீவின் பல பகுதிகளிலும் ஆயிரக்கணக்கான துளைகள் இடப்பட்டன. எத்துளையில், எவ்வளவு ஆழத்தில், நூற்றுக்கு எத்தனை பங்கு கனிமம் என்பது அளந்து படமாக்கப்பட்டது. 2025ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் மன்னார் மக்கள் காற்றாலை விரிவாக்கத்தையும் கனிம மணல் அகழ்வையும் எதிர்த்துத் தொடர் போராட்டத்தில் இறங்கினர். அப்போராட்டத்தின் நியாயங்கள் பல. அவற்றுள் வரலாறு பயில்வோராகிய நாம் ஆராயத்தக்க வினா ஒன்றுண்டு: மண்ணைப் படமாக வரைவோர் யார்? அதை யாருக்காக வரைகின்றனர்?

இலங்கையில் ஆங்கிலேயர் ஆட்சியின்போது, 1903ஆம் ஆண்டில், கனிமங்களைத் தேடும் அளவைத் துறையொன்று தோன்றியது. அதன் முதல் இயக்குநர், சேர் முத்துக் குமாரசுவாமியின் மைந்தரான ஆனந்த குமாரசுவாமி ஆவார். தோரியனைற் என்னும் கனிமத்தை 1904இல் கண்டறிந்தவரும் அவரே. பின்னர் அவர் கல்லைவிட்டுக் கலையின்பால் திரும்பி, அயலாட்சியில் நலியும் கிராமக் கைவினைஞருக்காகப் பேனா பிடித்தார். அவர் மனம் திரும்பியது; குடியேற்ற ஆட்சியின் நோக்கம் திரும்பவில்லை. எடுக்கத்தக்கது எங்கே உள்ளது என்று காட்டுவதே நிலப்படத்தின் பணியாயிற்று. எடுத்தபின் எஞ்சும் கழிவு எவர் வீட்டு வாசலில் கிடக்கிறது என்று காட்டுவது எவர் பணியாகவும் இருக்கவில்லை.

இதன் விலையைத் தமிழ் மக்கள் கோலார் தங்கவயலில் செலுத்தினர். 1880ஆம் ஆண்டில் ஜோன் டெய்லர் கம்பெனி அங்கே சுரங்கம் தொடங்கியபின், வட ஆர்க்காட்டிலிருந்து சென்ற ஏழைத் தமிழர், அவருள்ளும் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர், பூமிக்குள் இறங்கினர். மூன்று கிலோமீற்றருக்கும் அதிகமான ஆழம்வரை சென்ற அச்சுரங்கங்களில், தங்கம் ஓடிய ஒவ்வொரு நரம்பும் படத்தில் ஏறியது. பாறையை மாவாக அரைத்து, சயனைட் கரைசலில் இட்டுத் தங்கத்தைப் பிரித்தெடுத்தபின், எஞ்சிய துகள் மலைமலையாகக் கொட்டப்பட்டது. மூன்று கோடித் தொன்னுக்கு மேற்பட்ட அக்கழிவு, தொழிலாளர் குடியிருப்புகளின் அருகிலேயே குவிந்தது.

1940 முதல் 1946 வரை அங்கு 7653 தொழிலாளரைப் பரிசோதித்தபோது, ஐந்தில் இருவருக்கும் மேலானோருடைய நுரையீரலில் சிலிக்கோசிஸ் நோய் காணப்பட்டது. நட்டஈட்டுச் சட்டம் வந்ததனாலேயே அந்நெஞ்சுகள் கணக்கில் வந்தன. ஆனால், மேட்டிலிருந்து பறந்த தூசு எத்தனை வீட்டுத் திண்ணைகளில் படிந்தது, எத்தனை குழந்தைகளின் மூச்சிற் புகுந்தது என்பதை அக்கணக்கு காட்டவில்லை. அரசு நிறுவனமான பாரத் தங்கச் சுரங்கம் 2001ஆம் ஆண்டு பெப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டது. தங்கம் போயிற்று, வேலையும் போயிற்று; மேடுகள் மட்டும் போகவில்லை. சயனைட் வெயிலிலும் காற்றிலும் நாளடைவில் சிதையும். மாவாக அரைந்த கல்லும் அதிலுள்ள உலோகமும் அவ்வாறு சிதைவதில்லை. காற்றடிக்கும் காலமெல்லாம் அவை ஊருக்குள் வந்துகொண்டே இருக்கும்.

யப்பானிய மக்கள் வேறொரு பாடம் தருகின்றனர். தொயாமா மாவட்டத்தில் ஜின்சு ஆற்றின் கரையில் வாழ்ந்த உழவர் பெண்களின் எலும்புகள் தாமாகவே முறிந்தன. அவர்கள் வேதனையில் அலறிய சொல்லே 'இத்தாய் இத்தாய்' என்று நோயின் பெயராயிற்று. போர் முடிந்து 1946இல் ஊர் திரும்பிய மருத்துவர் ஹகினோ நொபோரு, நோயாளரின் வீடுகளை ஒவ்வொன்றாக நிலப்படத்திற் குறித்தார். அப்புள்ளிகள் ஜின்சு ஆற்று நீர் பாய்ந்த வயல்வெளியையே சூழ்ந்து நின்றன. ஆற்றின் மேற்பகுதியில் மிற்சுயி நிறுவனத்தின் கமியோக்கா சுரங்கம் இருந்தது. அதன் கழிவிலிருந்த கட்மியம் ஆற்றிலும், ஆற்றிலிருந்து வயலிலும், வயலிலிருந்து சோற்றிலும் ஏறியிருந்தது.

ஹகினோ முதலில் ஏளனத்துக்கே ஆளானார். எனினும் 1968இல் அரசு உண்மையை ஒப்புக்கொண்டது. மக்கள் தொடுத்த வழக்கு 1971இலும், மேன்முறையீடு 1972இலும் வென்றது. அன்று எழுதிய உடன்படிக்கையின்படி, மக்கள் தாம் விரும்பும் நிபுணருடன் நிறுவனத்தின் செலவிலேயே சுரங்கத்துட் சென்று சோதிக்கும் உரிமை பெற்றனர். மாசடைந்த வயல்களில் 800 ஹெக்டேயருக்கு மேல் மண் மாற்றிச் சீர்செய்யும் வேலை 2012இல்தான் நிறைவேறியது. உயிர்களும் எலும்புகளும் போனபின் வந்த வெற்றி அது.

இங்கிலாந்தின் சிப்பம் என்னும் சிற்றூரில் நிகழ்ந்தது இன்னொரு வகை. பழைய நாகச் சுரங்கத்தின் கழிவுமீதே அங்கு வீடுகள் எழுந்திருந்தன. கனிமம் தேடுவதற்கென வளர்ந்த ஓடைமண் ஆய்வு முறையால் வரைந்த தேசப்படம் 1978இல் வெளிவந்தபோது, அவ்வூர் கட்மியத்தின் இருப்பிடமாகத் தெரிந்தது. 1979இல் தோட்டந்தோறும் மண்ணும் காய்கறியும் சோதிக்கப்பட்டன. மக்களின் உடலும் சோதிக்கப்பட்டது. அஞ்சிய அளவு நோய் காணப்படவில்லை. படம் வரைவது பீதி கிளப்புவதற்கன்று என்பதை இதனால் அறிகிறோம். அச்சம் மெய்யாயின் அது காட்டும். பொய்யாயின் மக்களை நிம்மதியாக உறங்கவிடும்.

மன்னார் கோலாருமன்று, கமியோக்காவுமன்று. கனிம மணலைப் பிரிக்கச் சயனைட் தேவையில்லை. நீரும் காந்தமும் மின்னும் போதும். எனினும் இங்கே இடர் வேறு வழியில் வரக்கூடும். கனிம மணலோடு பல கடற்கரைகளில் தோரியம் கொண்ட மொனசைற்றும் கலந்திருக்கும். இயற்கையில் அது மணலிற் பரந்து கிடக்கும். பிரித்தெடுக்கும்போது கழிவிலே செறியும். தீவின் நன்னீரோ, அடியிலுள்ள உப்புநீர்மீது மெல்லிய படலமாக மிதப்பது. மணலைக் கிளறினால் அப்படலம் குலையக்கூடும்.

இங்கேதான் காலத்தின் முக்கியத்துவம் புலப்படுகிறது. அகழ்வுக்குப் பின் ஒரு கிணறு உவர்த்தால், ஒரு முற்றத்தில் கதிர்வீச்சு மிகுந்தால், "இது முன்பும் இப்படித்தான் இருந்தது" என்று சொல்ல எவருக்கும் தடையில்லை. முன்பு எப்படி இருந்தது என்ற படம் மக்கள் கையில் இருந்தாலன்றி அச்சொல்லை மறுக்க இயலாது. வீடு வீடாக அளப்பது முடியாத காரியம் என்பார் சிலர். கேரளத்தின் கருநாகப்பள்ளியில், இதே வகைக் கடல்மணல் கொண்ட ஊர்களில், எழுபதினாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளில் கதிர்வீச்சை அளந்து காட்டினர். இயற்கைக் கதிர்வீச்சினாற் புற்றுநோய் மிகவில்லை என 2009இல் வெளிவந்த அவ்வாய்வின் முடிவு கூறிற்று. ஒப்பிட ஓர் அடிப்படை அம்மக்களுக்கு இன்று உண்டு.

கனிமத்தைத் தேடத் தீவெங்கும் துளையிட முடிந்ததாயின், கிணற்று நீரை அளக்க ஏன் முடியாது? அகழ்வு தொடங்குமுன், சுயாதீனமான பல்கலைக்கழக ஆய்வாளர் மண்ணையும் நீரையும் அளந்து, முடிவைத் தமிழில் ஊர்தோறும் வெளியிட வேண்டும். அது மக்களின் உரிமை. ஆசிரியரும் மாணவரும் அதுவரை கைகட்டி நிற்க வேண்டியதில்லை. வகுப்பறைச் சுவரில் ஊர்ப்படத்தை மாட்டுவோம். வீடு, கிணறு, பள்ளி, மாரியில் வெள்ளம் தேங்கும் இடம், சோளகக் காற்று வீசும் திசை ஆகியவற்றை அதிற் குறிப்போம். துளையிட்ட இடங்களையும் குறிப்போம். எந்தக் கிணறு எந்த மாதத்தில் உவர்க்கிறது என்பதை நாளும் ஆண்டும் இட்டு எழுதிவைப்போம். ஆய்வாளர் வரும் நாளில், அவர்கள் எங்கே மண்ணெடுக்க வேண்டும் என்பதை நம் மாணவரே விரல்நீட்டிக் காட்டட்டும்.