வைரஸின் நுழைவைத் தடுக்கும் பெப்டைடு

எச்.ஐ.வி. வைரஸின் மேற்புறத்தில் ஜிபி41 என்றொரு புரதம் உண்டு. அது நீண்டு நம் உயிரணுவின் சவ்வில் தைக்கும். பின்பு மடக்குக்கத்தி போல மடிந்து இரு சவ்வுகளையும் இழுத்து இணைத்துவிடும். வைரஸ் உள்ளே நுழைவது இப்படித்தான்.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990களில் அப்புரதத்தின் மடியும் பகுதியொன்றை நகலெடுத்து, 36 அமினோ அமிலங்கள் கொண்ட பெப்டைடாக அமைத்தனர். மடிப்பு வந்து பொருந்தவேண்டிய இடத்தில் இது முந்திக்கொண்டு ஒட்டிக்கொள்வதால் புரதம் மடிய முடிவதில்லை. என்ஃபுவிர்டைடு என்னும் இம்மருந்துக்கு அமெரிக்கா 2003இல் அனுமதி அளித்தது.

விழுங்கினால் குடலில் செரித்துவிடும் என்பதால் நாளுக்கு இரண்டு ஊசி. போட்ட இடம் தடித்து வலிக்கும். ஒட்டுமிடத்தில் ஓர் அமினோ அமிலம் மாறினாலே மருந்தின் வலு குறையலாம். ஆயினும், மற்ற மருந்துகள் பலிக்காமற்போன நோயாளிகள் இவ்வலியைப் பொறுத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு அன்று வேறு வழி அதிகமில்லை.