கட்டை போட்டுக் கற்ற தொழில்

புதுக்கோட்டைக்கு ரயில் வந்தது 1929-இல்தான். திருச்சியிலிருந்து தண்டவாளம் வந்து சேரும்வரை தொண்டைமான் சமஸ்தானத்துக்கு ஆளும் சரக்கும் வந்ததெல்லாம் சாலை வழியாக. முதலில் மாட்டுவண்டி, பிறகு மோட்டார். 1912-இல் மதுரையில் பேருந்துத் தொழிலில் இறங்கிய டி.வி. சுந்தரம் அய்யங்காரின் நிறுவனப் பெயர் புதுக்கோட்டை நகரில் ‘டி.வி.எஸ். கார்னர்’ என்று இடப்பெயராகவே நிலைத்துவிட்டது.

மோட்டார் வந்த வேகத்தில் அதை ஓட்டக் கற்றுத்தரும் பள்ளி வரவில்லை. லாரியில் டிரைவருக்கு இடப்பக்கத்து இருக்கைதான் பள்ளிக்கூடம். அதில் உட்கார்ந்த பையனுக்குப் பெயர் கிளீனர்.

முதல் பாடம் ஸ்டியரிங் பக்கமே போகாது. வண்டி கழுவ வேண்டும், கிரீஸ் அடிக்க வேண்டும், டயரைத் தட்டிப் பார்த்து ஓசையிலேயே காற்றுக் குறைவைக் கண்டுபிடிக்க வேண்டும். தார்ப்பாய் போர்த்திக் கயிறு இழுத்துக் கட்டுவது ஒரு கலை. மேட்டில் வண்டி நின்றால் குதித்து ஓடிச் சக்கரத்துக்குக் கட்டை போட வேண்டும். தாமதித்தால் லோடோடு வண்டி பின்னால் உருளும். ரிவர்ஸ் எடுக்கும்போது “வரலாம், வரலாம்” என்று குரல் கொடுப்பதும் அவன்தான். வண்டியின் நீள அகலம் அப்படித்தான் அவன் உடம்பில் படிந்தது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்த வேலை இன்னும் கடுமையானது. பெட்ரோலுக்கு ரேஷன் வந்ததும் வண்டிகள் கரிவாயுவுக்கு மாறின. அந்த வாயுவை உண்டாக்கும் ‘கேஸ் பிளான்ட்’டை டி.வி.எஸ். நிறுவனமே தயாரித்தது. வண்டியில் பொருத்திய உலையில் அடுப்புக்கரியைக் கொட்டி, தீ மூட்டி, காற்று ஊதி, வாயு திரளும்வரை காத்திருந்தால்தான் எஞ்சின் உயிர்பெறும். மேடு ஏறும்போது வண்டி திணறும். முகமெல்லாம் கரியோடு நின்ற உதவியாளுக்கு எஞ்சினின் மூச்சு அத்துப்படியானது.

அந்தக் காது பிறகு கியரில் உதவியது. பழைய கியர் பெட்டிகளில் ஒருமுறை கிளட்சை மிதித்துப் பல்லை மாற்ற முடியாது. மிதித்து, நியூட்ரலுக்கு இழுத்து, கிளட்சை விட்டு, எஞ்சின் வேகத்தைச் சரிப்படுத்தி, மறுபடி மிதித்து அடுத்த கியரில் போட வேண்டும். கணக்குத் தப்பினால் பெட்டி கரகரவென்று அலறும், டிரைவர் அண்ணனின் வசவும் கூடவே விழும். ஸ்டியரிங்கோ இரு கைகளின் பலத்தையும் கேட்டது. இந்திய லாரிகளில் பவர் ஸ்டியரிங் எட்டிப் பார்த்ததே 1969-இல் அசோக் லேலண்ட் வழியாகத்தான்.

ஓட்டக் கொடுப்பதிலும் படிகள் உண்டு. முதலில் ஷெட்டுக்குள் நகர்த்துவது. பிறகு ஆளில்லாத நேர்ச்சாலையில் காலி வண்டி. கடைசியில்தான் லோடு. எத்தனை மாதம் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அண்ணன் தூங்கத் துணியும் நாளே பரீட்சை முடிந்த நாள்.

சட்டத்தின் கணக்கு வேறு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி சரக்கு வண்டி ஓட்ட 20 வயது நிறைய வேண்டும். இலகுரக வாகன உரிமம் ஓராண்டு கையில் இருந்தால்தான் கனரகத்துக்குப் பழகுநர் உரிமம். 1989-ஆம் ஆண்டு விதிகள் பயிற்சிப் பள்ளிக்கு 30 நாள் பாடமும் 15 மணி நேர ஓட்டமும் குறித்தன. புதுக்கோட்டையிலிருந்து சென்னைக்கு லோடு ஏற்றிப் போய்த் திரும்பும் ஒரே நடையில் அந்த 15 மணி நேரம் கரைந்துவிடும். அரசு சார்பில் கும்மிடிப்பூண்டியில் கனரக ஓட்டுநர் பயிற்சி நிலையமும் உருவானது.

எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்ற விதி 2019-இல் நீங்கியது. பட்டறையிலும் ஷெட்டிலும் வளர்ந்தவர்களுக்கு அது பெரிய கதவு. ஆனால் அதற்குள் லாரிக்கு உள்ளே இருந்த பள்ளி சுருங்கத் தொடங்கியிருந்தது. தேசிய பர்மிட் லாரிக்கு இரண்டு டிரைவர் கட்டாயம் என்ற விதியும் 2018-இல் போய்விட்டது. டீசலும் சுங்கமும் வாடகையைத் தின்ற பிறகு கிளீனர் பேட்டாதான் முதலில் வெட்டுப்படுகிறது. பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க, கட்டை போட்டுவிட்டு டிரைவரே இறங்கிப் போகிறார்.