கல்முனை அஸீஸுக்குக் கொடுத்தது

சென்ற தவணை எங்கள் பாடசாலைக்கு ஒரு பட்டதாரி ஆசிரியை வந்தார். ஊர் கல்முனைப் பக்கம். நியமனக் கடிதத்தை அதிபரிடம் கொடுத்துவிட்டு ஆசிரியர் அறைக்கு வந்தவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "சேர், எத்தின வருஷத்தில ட்ரான்ஸ்பர் கேக்கலாம்?" என்பதுதான். அம்பாறை, மஹியங்கனை, கண்டி என்று பஸ் மாறி மாறி மாத்தளை வந்து சேர்ந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது.

கல்முனை என்றதும் எனக்கு நினைவு வந்தவர், வெளியூரிலிருந்து அங்கே உத்தியோகத்துக்குப் போன இன்னொரு பட்டதாரி: அறிஞர் ஏ.எம்.ஏ. அஸீஸ்.

1911இல் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்தவர். யாழ் இந்துக் கல்லூரியில் படித்து, கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியில் வரலாறு பயின்று 1933இல் பட்டதாரியானார். புலமைப்பரிசிலில் கேம்பிரிட்ஜுக்குப் போனவர், சிவில் சேவைப் பரீட்சையில் தேறியதும் படிப்பை விட்டுத் திரும்பினார். 1935இல் அச்சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம் அவரே. இதெல்லாம் நம் நினைவு மலர்களில் திரும்பத் திரும்ப வருவதுதான். நான் நிற்க விரும்புவது 1942இல்.

பர்மா ஜப்பானியர் கையில் விழுந்தது. அங்கிருந்து வந்த அரிசி நின்றது. அந்த ஏப்ரலில் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு விழுந்தது. நெல் விளையும் மண் தேடிய அரசாங்கம் கிழக்கைப் பார்த்தது. கல்முனையில் அவசரகாலக் கச்சேரி ஒன்றைத் திறந்து, உணவு உற்பத்தியைக் கவனிக்க அஸீஸை உதவி அரசாங்க அதிபராக அனுப்பியது. கல்முனை அப்போது மட்டக்களப்பு மாவட்டத்தில் இருந்தது. அம்பாறை மாவட்டம் பிரிந்தது 1961இல்தான். காட்டை வயலாக்க விவசாயிகளுக்குக் காணி கொடுத்தார். ஒரு வயல்வெளிக்கு மக்கள் 'அஸீஸ் துரையடிக் கண்டம்' என்றே பேர் வைத்தார்கள்.

அந்தப் பேரில் 'துரை' என்ற சொல் இருக்கிறது. அவர் அதிகாரத்தோடு போனவர். அறை தேடி அலைந்தவர் அல்லர். எங்கள் ஆசிரியையிடம் அவரைக் காட்டி, "பார், எப்படிச் சேவை செய்தார்" என்று உபதேசிப்பது நியாயமில்லை. மேடைகளில் நாம் செய்வது அதைத்தான்.

நாம் கேட்காத கேள்வி வேறு. கல்முனை அவருக்கு என்ன கொடுத்தது? முஸ்லிம்கள் பெருந்தொகையாக உழுது வாழும் ஊர்களுக்குள் அந்த உத்தியோகம் அவரைக் கொண்டுபோய் விட்டது. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தர், காத்தான்குடிக் கவிஞர் அப்துல் காதர் லெப்பை ஆகியோரின் நட்பு அங்கே வாய்த்தது. கெட்டிக்காரப் பிள்ளைகள் காசில்லாமல் படிப்பை விடுவதைக் கிட்ட இருந்து பார்த்தார். 1942இலேயே கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் தோன்றியது. ஊரவர் கைகொடுக்காமல், புதிதாக வந்த அதிகாரி ஒருவர் வந்த வருஷமே சங்கம் எழுப்ப முடியுமா? அதே எண்ணம் 1945இல் நாடளாவிய இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியாக விரிந்தது. 1948இல் சிவில் சேவையை உதறிவிட்டுக் கொழும்பு ஸாஹிராவின் அதிபரானார். என் கணிப்பில், அந்த அதிபர் கேம்பிரிட்ஜில் உருவானவர் அல்லர், கல்முனையில் உருவானவர்.

மாத்தளை ஸாஹிராவும் 1940களில் ரீ.பி. ஜாயா கொழும்பு ஸாஹிராவுக்குத் திறந்த கிளைகளில் ஒன்றுதான். நம்ம ஊர்ப் படிப்பிலும் வெளியூரார் கை இருக்கிறது. இன்று வருகிறவர்களுக்கு நாம் என்ன கொடுக்கிறோம்? கிழக்கிலிருந்து வருகிற ஆசிரியர்கள் நிற்கிறார்கள் இல்லை என்று பெற்றார் கூட்டத்தில் குறை சொல்கிறோம். அந்த ஆசிரியைக்கு அறை தேடி நானும் என் மனைவியும் போனோம். தனியாக இருக்கும் பெண் பிள்ளை என்று மூன்று வீடுகளில் கையை விரித்தார்கள். மூன்றும் தெரிந்த வீடுகள். நாலாவது வீட்டு மூத்தம்மா வாடகை பேசுவதற்கு முதல், "சாப்பிட்டீங்களா மகள்?" என்று கேட்டார்.

ட்ரான்ஸ்பர் படிவம் எங்கே எடுக்கலாம் என்று போன கிழமையும் அவர் கேட்டார். வலயக் கல்விப் பணிமனையில் என்று சொன்னேன். இந்த முறை சிரிக்கவில்லை.